நாமே ஸ்கேன் செய்யும் ஸ்டேடியம் வாசல்: ஐந்து டிக்கெட்டும் என் போனில், அப்பாவிடம் பட்டன் போன். எப்படி உள்ளே போவது?

பெர்ஜுந்தை பையன்:

வணக்கம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஐந்து டிக்கெட் எடுத்திருக்கிறேன். அப்பா, மச்சான், என் பையன்கள் இரண்டு பேர், அப்புறம் நான். ஐந்தும் என் போனில் ஒரே ஆப்பில் இருக்கிறது. முன்பெல்லாம் வாசலில் ஒருவர் கையில் மெஷினோடு நிற்பார், நாம் நீட்டினால் போதும், அவரே பீப் என்று அடித்து உள்ளே விட்டுவிடுவார். இப்போது கம்பிக் கதவிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்களாம், நாமே போனைக் காட்டி, பச்சை விளக்கு எரிந்ததும் கம்பியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமாம்.

போன மாதம் இதே முறை வைத்திருந்த வேறொரு ஸ்டேடியத்தில் மானம் போய்விட்டது, அதனால்தான் இந்தப் பயம். மச்சான் வேலை முடிந்து நேராக வருகிறேன் என்றதால் அவன் டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தேன். அவனுக்குச் சிவப்பு. சரி, ஸ்கிரீன்ஷாட் ஆகாது போல என்று நினைத்து என் போனையே காட்டினால் அதற்கும் சிவப்பு! நாலு முறை காட்டினேன். ஐந்தாவது முறை கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, பின்னால் நின்றவர்கள் 'செப்பாட் லா' (சீக்கிரம்) என்று கத்துகிறார்கள். கடைசியில் ஒரு பணியாளர் வந்து ஐ.சி. (அடையாள அட்டை) பார்த்துப் பக்கத்துக் கதவைத் திறந்து விட்டார், அதற்குள் ஒரு கோல் விழுந்துவிட்டது, நாங்கள் பார்க்கவில்லை.

அடுத்தது அப்பா. 71 வயது. கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்துக்குத் தோட்டத்து லோரியில் ஏறிப் போய் மலேசியக் கோல்கீப்பர் ஆறுமுகம் கோல் காத்ததைப் பார்த்த ஆள். காலையிலிருந்து மூன்று முறை "டிக்கெட் எங்கே, காட்டு" என்று கேட்டுவிட்டார், போனைக் காட்டினால் நம்ப மாட்டேன் என்கிறார். அவர் கையில் எதைக் கொடுத்து அனுப்புவது? பிரிண்ட் எடுத்தால் செல்லுமா?

கேட் ஏழு:

தம்பி, நான் வார இறுதியில் ஸ்டேடியத்தில் வாசல் வேலை பார்க்கிறவன். அப்பா விஷயம் சுலபம். போன் வைத்திருக்கிறவர் கடைசியில்தான் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு பச்சைக்கு ஓர் ஆளைத்தான் கம்பி விடும். நீங்கள் முதலில் உள்ளே போனால் போனும் உங்களோடு உள்ளே போய்விடும், அப்பா வெளியே நிற்பார், அப்புறம் கம்பிக்கு மேலே கையை நீட்டிப் போனைக் கொடுத்து, அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து... இதை ஒவ்வோர் ஆட்டத்திலும் பார்க்கிறேன். அப்பாவை முன்னால் நிறுத்துங்கள், பக்கத்தில் நின்று நீங்கள் காட்டுங்கள், பச்சை வந்ததும் அவர் போகட்டும். பிறகு சின்னவன், பெரியவன், மச்சான், நீங்கள்.

ஒவ்வொரு முறையும் விரலால் தள்ளி அடுத்த டிக்கெட்டைக் கொண்டுவாருங்கள். பலர் இதை மறந்து அதே டிக்கெட்டை இரண்டாம் முறை காட்டுகிறார்கள், 'ஏற்கெனவே பயன்படுத்தியது' என்று சிவப்பு வரும், உடனே மெஷின் ரோசாக் (கெட்டுப்போச்சு) என்று எங்களைத் திட்டுவார்கள்.

பிரிண்ட் எந்த மாதிரி டிக்கெட் என்பதைப் பொறுத்தது. மின்னஞ்சலில் பிடிஎஃப் வந்திருந்தால் பெரும்பாலும் செல்லும், ஓரத்து வெள்ளை இடத்தை வெட்டாமல் பிரிண்ட் எடுங்கள். ஆப்பிலேயே இருந்து கியூஆர் கோடு (புள்ளிச் சதுரம்) மாறிக்கொண்டே இருந்தால் பேப்பரில் எடுத்துப் பயனில்லை.

நைட் ஷிப்ட்:

உங்கள் போனிலேயே சிவப்பு வந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு கேள்வி. ஒன்று, அந்தக் கோடு ஒரே மாதிரி நின்றதா, சில விநாடிக்கு ஒருமுறை மாறியதா? இன்னொன்று, வாசலில் போனுக்கு லைன் (சிக்னல்) இருந்ததா?

பெர்ஜுந்தை பையன்:

மாறியது அண்ணே, கீழே ஒரு பட்டையும் ஓடிக்கொண்டே இருந்தது. லைன் சுத்தமாக இல்லை, அத்தனை ஆயிரம் பேர் ஒரே இடத்தில், வாட்ஸ்ஆப்கூடப் போகவில்லை. ஆனால் டிக்கெட் மட்டும் திறந்தது.

லோரி மாமா:

இதெல்லாம் ஆளைக் குறைக்கிற வேலை. அந்தக் காலத்தில் வாசலில் நிற்பவன் டிக்கெட்டைப் பாதி கிழித்து மீதியைக் கையில் கொடுப்பான், நான் இன்னும் ஒரு மைலோ டின் நிறைய வைத்திருக்கிறேன். 1917லேயே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட ஊர் நம்ம ஊர், தென்னமரம் தோட்டம், தெரியும்தானே. அங்கே பிறந்தவனை இன்றைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி 'நீ யார்' என்று கேட்கிறது.

நைட் ஷிப்ட்:

மாமா, டின் போட்டோ போடுங்கள், நான் பார்க்க வேண்டும்.

பெர்ஜுந்தை தம்பி, பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். லைன் இல்லாமலே கோடு மாறியது என்றால் அந்தக் கோடு சர்வரிலிருந்து வரவில்லை, உங்கள் போனே தன் கடிகாரத்தைப் பார்த்து உண்டாக்குகிறது. வாசலில் இருக்கும் மெஷினும் தன் கடிகாரத்தைப் பார்த்து அதே கணக்கைப் போடும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை. உங்கள் போன் நாலைந்து நிமிடம் தள்ளி ஓடினால், நீங்கள் காட்டுவது காலாவதியான கோடு, இல்லாவிட்டால் இன்னும் பிறக்காத கோடு. வீட்டில் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது, கண்ணுக்கு எல்லாம் ஒரே புள்ளிகள்தான். மச்சானுக்குச் சிவப்பு வந்ததும் இதே காரணம், ஸ்கிரீன்ஷாட் என்பது நின்றுபோன கடிகாரம் மாதிரி. டிக்கெட்டைக் காப்பியடித்துப் பத்து பேருக்கு விற்பதைத் தடுக்கத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரம்மா போனைப் பக்கத்தில் வைத்து மணியைப் பாருங்கள். அப்புறம் செட்டிங்கில் நேரம் 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெர்ஜுந்தை பையன்:

ஐயோ. ஆறு நிமிடம் முன்னால் ஓடுகிறது!! ஆட்டோமேட்டிக் அணைந்திருக்கிறது. பெரியவனைக் கூப்பிட்டு விசாரித்தேன், கேமில் உயிர் தீர்ந்துவிட்டால் தேதியை அடுத்த நாளுக்குத் தள்ளினால் புது உயிர் கிடைக்குமாம், விளையாடி முடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்ப வைத்துவிடுவானாம். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பள்ளிக்கு நேரமாகிவிடக் கூடாது என்று நானே முன்னால் தள்ளி வைத்தது. யாரைத் திட்டுவது சொல்லுங்கள்.

டீச்சரம்மா:

பையனைத் திட்டாதீர்கள் தம்பி, கெட்டிக்காரன்.

திரை வெளிச்சத்தை முழுதாக வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்க முடியாதபடி செய்யும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், என் கணவர் போனில் அதுதான் வினை. இன்னொன்று, நம் ஆட்கள் டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் கோடு தெரியும்படி படம் எடுத்து பேஸ்புக்கில் போடுகிறார்கள். மாறாத கோடு என்றால் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு யாராவது உங்களுக்கு முன்னால் உள்ளே போய்விடுவார்கள், பிறகு அழுதும் பிரயோஜனம் இல்லை.

பெர்ஜுந்தை பையன்:

டீச்சர், என் திரையில் ஒரு மூலையில் கீறல் விழுந்திருக்கிறது, பரவாயில்லையா?

நைட் ஷிப்ட்:

கீறல் கோட்டின் மேல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். கோட்டில் கொஞ்சம் அழிந்திருந்தாலும் மெஷின் மீதியை வைத்துக் கணக்குப் போட்டுவிடும், உயர்ந்த வகையில் சுமார் 30 விழுக்காடு அழிந்தாலும் படிக்கும். ஆனால் மூன்று மூலையில் இருக்கிற பெரிய சதுரம் தெரிய வேண்டும், அதை வைத்துத்தான் மெஷின் கோடு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் மேல் என்று கண்டுபிடிக்கிறது. நான் காடி (கார்) பார்ட்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், எண்ணெய்க் கறை பிடித்த பெட்டியில்கூடப் படித்துவிடும். இந்தக் கோடே 1994இல் ஜப்பானில் டென்சோ கம்பெனிக்காரர்கள் காடி உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்ததுதான்.

கேட் ஏழு:

லோரி மாமாவுக்கு ஒரு வார்த்தை. ஆளைக் குறைக்கிறார்கள் என்பது பாதி உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் வாசலில் நேரம் என்பது விளையாட்டு இல்லை மாமா. இங்கிலாந்தில் 'கிரீன் கைடு' என்று ஸ்டேடியப் பாதுகாப்புக்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது, அதில் ஒரு வாசலுக்கு மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்று இருக்கிறது. அதாவது ஓர் ஆளுக்கு ஐந்தரை விநாடி. தம்பி மாதிரி ஒருவர் இரண்டு நிமிடம் நின்றால் இருபது பேருக்கு மேல் பின்னால் தேங்குகிறார்கள். 1989இல் அங்கே ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் ஒரு பக்கத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெறும் ஏழு கம்பிக் கதவு வழியாகப் போக வேண்டியிருந்தது. வெளியே நெரிசல் தாங்காமல் பெரிய கதவைத் திறந்து விட்டார்கள், அதில் வந்த கூட்டத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே நிரம்பிய நடுப் பகுதிக்குள் போய் நசுங்கியது. 97 பேர் செத்தார்கள். அதனால் மெஷின் வைத்தாலும் பக்கத்தில் உதவிக்கு ஆள் நிற்க வேண்டும், ஆளே இல்லாமல் மெஷின் மட்டும் வைப்பது எனக்கும் பிடிக்கவில்லை. சிவப்பு வந்தால் அங்கேயே நின்று மறுபடி மறுபடி காட்டாதீர்கள், இரண்டு முறை பாருங்கள், ஆகாவிட்டால் ஓரமாக வந்து எங்களைக் கூப்பிடுங்கள்.

மச்சான் தனியாக வருவதாக இருந்தால் ஆப்பில் 'டிரான்ஸ்பர்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவன் போனுக்கு டிக்கெட்டையே மாற்றிவிடலாம். வீட்டில் வைஃபையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள், வாசலில் நின்று செய்ய லைன் கிடைக்காது.

லோரி மாமா:

97 பேர். சரி தம்பி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். டின் போட்டோ நாளைக்குப் போடுகிறேன்.

பெர்ஜுந்தை பையன்:

ஞாயிறு காலை, மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். ஐந்து பேரும் உள்ளே போய்விட்டோம், ஒரு சிவப்பும் இல்லை. மணியைச் சரி செய்தேன், மச்சானுக்கு வெள்ளிக்கிழமையே மாற்றிவிட்டேன், அவன் எங்களுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தான். சின்னவன் பச்சை வருவதற்குள் கம்பியைத் தள்ளிப் பார்த்தான், நகரவில்லை, அவ்வளவுதான் கலாட்டா.

அப்பாதான் கொஞ்சம் நேரம் எடுத்தார். பச்சை எரிந்துவிட்டது, போங்கப்பா என்கிறேன், அவர் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறார். பாதி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்க ஆள் வருவான் என்று காத்துக்கொண்டிருந்தாராம்.

கேட் ஏழு:

ஐந்தரை விநாடிக்கு மேல் ஆகியிருக்குமே!