சைட்பாட்டம் என்று கூப்பிடக் கூசிய நாள்

மான்செஸ்டருக்கு வடக்கே ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அடுத்து யார் என்று திரையைப் பார்த்தால் 'சைட்பாட்டம்' என்று இருக்கிறது. அறை நிறைய ஆட்கள். பாட்டம் என்றால் நமக்குத் தெரிந்தது பின்புறம்தானே? வயதான மனிதரை எப்படி அப்படிக் கூப்பிடுவது? 'சைட்போதாம்' என்று மழுப்பினேன். யாரும் எழவில்லை. இன்னொரு முறை, அப்போதும் இல்லை. சரி, ஆனது ஆகட்டும் என்று இருக்கிற எழுத்தை அப்படியே வாசித்தேன். மூலையிலிருந்து ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கூச்சப்படாதேம்மா, அது வெறும் பள்ளம்தான்" என்றார்.

பழைய ஆங்கிலத்தில் 'பாட்டம்' என்ற சொல்லுக்குப் பள்ளத்தாக்கின் அடித்தரை என்று பொருள். முன்னால் நிற்கும் 'சைட்' பக்கம் இல்லை, அகலம். அகன்ற பள்ளத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்த இடமே பெயராகிவிட்டது. அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம்: இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் இயான் போத்தம் பெயரிலிருப்பதும் இதே சொல்தான், எழுத்தும் உச்சரிப்பும் மட்டும் வேறு. 1985-ல் டிரெண்ட் பிரிட்ஜில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் போத்தமும் ஆர்னி சைட்பாட்டமும் ஒரே அணியில் ஆடியிருக்கிறார்கள். ஆர்னிக்கு வாய்த்த ஒரே டெஸ்ட் அது. இரண்டு பேரும் பள்ளத்துக்காரர்கள், கேலி மட்டும் ஒருவருக்கு! எழுத்தைக் கொஞ்சம் மாற்றித் தப்பித்த குடும்பங்களும் உண்டு. ஆர்னியின் மகன் ரயன் அதே பெயரோடுதான் 2008-ல் ஹாமில்டனில் ஹாட்ரிக் எடுத்தார்.

பக்கத்திலேயே ராம்ஸ்பாட்டம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதுவும் குடும்பப் பெயர்தான். ராம் என்றால் கிடா, ஆகவே ஆட்டுப் பள்ளம் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். அப்படியும் சொல்வதுண்டு, ஆனால் இன்னொரு விளக்கமும் இருக்கிறது. 'ஹ்ராம்சா' என்பது காட்டுப்பூண்டுக்குப் பழைய பெயர். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீராவி ரயிலில் அங்கே போனேன். இர்வெல் ஆற்றோரம் மரநிழலில் வெள்ளைப் பூக்கள் விரித்தாற்போல் கிடந்தன. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். ரசத்துக்குப் பூண்டு தட்டிய விரல் மாதிரி மணந்தது, வீடு வந்து சேரும்வரை போகவில்லை. நம் பள்ளத்தூர் போல, எனக்கு இது பூண்டுப்பள்ளம்.

ஆடு சந்தேகமில்லாமல் ஒளிந்திருப்பது ஷஃபிள்பாட்டம் என்ற பெயரில். அதுதான் ஆட்டுப் பள்ளமாம். பார்த்தால் சீட்டுக் கலைப்பது போலத் தெரியும்.

அடுத்த முறை வந்தபோது பெரியவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையைப் பார்த்து, "உன் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

"அது எங்கப்பா பேர்."

"சரி, அப்பாவுடைய குடும்பப் பெயர்?"

"அவரோட அப்பா பேர்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ உங்கள் வீட்டில் யாருக்குமே ஒரே குடும்பப் பெயர் கிடையாதா?" என்றார்.