மறு: பின்னலில் ‘கேஜ்’ – ‘கண்ணி நெருக்கம்’ என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்வெட்டர் பின்னலில் வரும் ‘கேஜ்’ (gauge) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘அளவி’ என்று நேற்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அளவி, மானி எல்லாம் அளக்கும் கருவியின் பெயர்கள். பின்னலில் கேஜ் என்பது ஒரு கணக்கு: 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி, அதாவது நூல் வளையம், விழுகிறது என்பது. பிரிட்டிஷ் பின்னல் குறிப்புகளில் இதற்கே ‘டென்ஷன்’ என்று பெயர். சிங்கப்பூரில் இரண்டு வகைக் குறிப்பும் நம் கைக்கு வருகிறது. டென்ஷனை ‘இழுவிசை’ ஆக்கினாலோ இயற்பியல் பாடமாகிவிடும்.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. அண்ணன் மகளுக்கு இரண்டு வயது. டிசம்பர் விடுமுறைக்குக் கொரியா போகிறார்கள் என்று ஸ்வெட்டர் பின்னினேன். சுற்றளவு 60 செ.மீ. வர வேண்டும், குறிப்பில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, ஆக 132 கண்ணி ஏற்றினேன். என் கை இறுக்கம், எனக்கு 24 விழுந்திருக்கிறது. முடித்து அளந்தால் 55 செ.மீ. பிள்ளையின் மார்புச் சுற்றே 53. உள்ளே ஒரு முழுக்கைச் சட்டை போட்டதும் கை நுழையாமல் அழுதுவிட்டாள். முழுவதையும் அவிழ்த்து, 4 மி.மீ. ஊசியை வைத்துவிட்டு 4.5 எடுத்தேன்.

அப்புறம் சொல்லுக்கு வருகிறேன். ‘கண்ணி’ நம் வலைக்காரர்களின் சொல், அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ‘கண்ணியளவு’ என்றால் ஒரு கண்ணி எவ்வளவு பெரியது என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ‘அடர்த்தி’ துணியின் தடிமனை நினைவூட்டுகிறது. தடித்த நூலில் துணி தடிக்கும், கண்ணியோ குறையும். ‘செறிவு’ வேதியியலில் கரைசலுக்குப் போய்விட்டது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் பூக்கடையில் நின்று பாருங்கள்: “நெருக்கமா கட்டின சரமா கொடுங்க” என்றுதான் கேட்கிறார்கள். ஒரு முழத்தில் எத்தனை பூ என்பதுதான் அந்த நெருக்கம். நமக்கு வேண்டிய பொருள் அதுவே. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பின்னக் கற்றுக்கொள்ளும் அம்மாக்களிடம் ‘கண்ணி நெருக்கம்’ என்றேன்; யாரும் விளக்கம் கேட்கவில்லை.

நெருக்கத்தைச் சோதிக்க முதலில் பின்னிப் பார்க்கும் ‘ஸ்வாட்ச்’ என்பதற்கு ‘மாதிரித் துண்டு’ போதும். ஓரம் சுருளும் என்பதால் 15 செ.மீ. சதுரமாகப் பின்னி, துவைத்து, விரித்து உலர்த்தி, நடுவில் அளவுகோல் வைத்து எண்ண வேண்டும். அரைக் கண்ணியையும் விடக்கூடாது. 22க்குப் பதில் 22.5 வந்தாலே அந்த 132 கண்ணியில் ஒரு செ.மீ.க்கு மேல் குறைந்துவிடும்.

நீளவாக்கில் எண்ணுவதற்கு ‘வரிசை நெருக்கம்’ என்று வைக்கலாம். குறிப்பில் இப்படி எழுத நினைக்கிறேன்:

நெருக்கம்: 10 செ.மீ. சதுரத்தில் 22 கண்ணி, 30 வரிசை, 4 மி.மீ. ஊசி.

இதைப் படித்ததும் தடுமாற்றம் இருந்தால், எந்த இடத்தில் என்று எழுதுங்கள்.