ஸ்கூல் டாக்ஸ் கட்டுறோம், கணக்கு கேட்டா மைக்கப் புடுங்குறாங்க (லாங் ஐலண்ட், நியூயார்க்)

தீவுக்காரன்: வீடு வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, ப்ராபர்ட்டி டாக்ஸ்ல பாதிக்கு மேல ஸ்கூலுக்கே போயிடுது. மே மாசம் மூணாவது செவ்வாய் பட்ஜெட் ஓட்டுன்னு தபால் வந்துச்சு, சரி என்னதான் பண்றாங்கன்னு ஸ்கூல் போர்டு மீட்டிங் போனேன். "கான்ஃபரன்ஸ், டிராவல்"னு ஒரே வரில ஒரு தொகை. யாரு எங்க போனாங்கன்னு கேட்டேன், மூணு நிமிஷம் முடிஞ்சுதுன்னு மைக்க வாங்கிட்டாங்க. நான் இன்னும் ஹெச்1பி விசாலதான் இருக்கேன், ஓட்டும் இல்ல. மேல கேக்கலாமா? பையனுக்கு எதுவும் வந்துடுமோன்னு வீட்ல பயப்படுறாங்க

குயின்ஸ்_அக்கா: தாராளமா கேளுங்க தம்பி. ஓட்டுக்குத்தான் சிட்டிசனா இருக்கணும், ஃபாயில் (FOIL, நியூயார்க்கோட தகவல் கேக்குற சட்டம்) மனு யாரு வேணா போடலாம். நம்மூரு ஆர்டிஐ மாதிரிதான், ஆனா அதுக்காவது இந்தியக் குடிமகனா இருக்கணும், இங்க அதுவும் வேணாம். 5 வேலை நாளைக்குள்ள ஏதாவது ஒரு பதில் வந்தாகணும், சாதாரண காப்பிக்கு பக்கத்துக்கு 25 சென்ட்டுக்கு மேல வாங்கக்கூடாது. "எல்லா கணக்கும் குடு"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, இழுத்தடிப்பாங்க. சூப்பரின்டென்டன்ட் (ஸ்கூல் டிஸ்ட்ரிக்டோட தலைமை அதிகாரி) கார்டு ஸ்டேட்மென்ட், ஹோட்டல் பில், இந்த மாசத்துலருந்து இந்த மாசம் வரைக்கும்னு கேளுங்க

பழைய_ஆளு: ராஸ்லின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கதை தெரியுமா? அதே லாங் ஐலண்ட்தான். 2002ல பிசினஸ் ஆபீஸ் பாத்த பமேலா குளக்கினோட பையன் ஹோம் டிப்போல வாங்குன சாமான் டிஸ்ட்ரிக்ட் கணக்குல விழுந்து மாட்டுச்சு, போர்டு என்ன பண்ணுச்சு தெரியுமா, ரெண்டரை லட்சம் டாலர திருப்பிக் கட்டிட்டு சத்தமில்லாம கெளம்புன்னு அனுப்பி வெச்சுடுச்சு, போலீஸும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த யோசனைய எடுத்துக் குடுத்த சூப்பரின்டென்டன்ட் ஃப்ராங்க் டசோனே திருடிட்டு இருந்தாரு. 2004ல அந்த ஸ்கூல் பசங்களோட பத்திரிகை ஹில்டாப் பீக்கன்லதான் விஷயம் வெளிய வந்துச்சு. மொத்தம் சுருட்டுனது 1.12 கோடி டாலர், கான்கார்ட் ஃப்ளைட் டிக்கெட் உள்பட. ஏன் யாரும் கேக்கலன்னா பசங்க பெரிய பெரிய காலேஜுக்கு போயிட்டு இருந்தாங்க, வீட்டு விலை ஏறிட்டு இருந்துச்சு. நாமளும் ஸ்கூல் ரேட்டிங் 10க்கு 10 இருக்கான்னு பாத்துதானே வீடு வாங்குறோம்

கணக்கப்புள்ள: அந்தக் கூத்துக்கு அப்புறம்தான் 2005ல நியூயார்க்ல சட்டமே வந்துச்சு ப்ரோ. போர்டு மெம்பருக்கு 6 மணி நேரம் கணக்குப் பாக்க ட்ரெய்னிங், டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு ஆடிட் கமிட்டி. ஸ்டேட் கம்ப்ட்ரோலர் (மாநிலக் கணக்கு தணிக்கை பண்றவரு) சைட்ல உங்க டிஸ்ட்ரிக்ட் பேரப் போட்டுத் தேடுங்க, பழைய ஆடிட் ரிப்போர்ட் கெடைக்கும். அதுல "ரசீது இல்லாம பணம் குடுத்துருக்காங்க"ன்னு ஒரு வரி இருந்தா அத வெச்சே ஃபாயில் எழுதுங்க

தீவுக்காரன்: நன்றி அக்கா, ப்ரோ. மெயில் போட்டாச்சு. ரெக்கார்ட்ஸ் தர்ற ஆபீசர் யாருன்னு பாத்தா, அன்னிக்கு மைக் வாங்குன அதே அம்மாதான் 😂