நவம்பரில் வெட்டின லைலக்

ஸ்காபரோ பின்வளவு

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இந்த வீட்டை வாங்கி நாலு வருசம் ஆகப்போகுது. பின்வளவு மூலையில், வேலியோடு ஒட்டி ஒரு லைலக் நின்றது. நாங்கள் குடிவந்தது ஜூலையில் என்றபடியால் அது வெறும் பச்சைப் பற்றை, பெயர்கூடத் தெரியாது. அடுத்த மே மாதம் ஊதாக் கொத்தாய்ப் பூத்தபோதுதான் பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேலால் கையைக் காட்டி, 'லைலக்' என்றா. குசினி யன்னலைத் திறந்தால் வீடெல்லாம் வாசம். மல்லிகை வாசம் என்று சொல்ல ஏலாது. ஆனால் மல்லிகையை நினைக்க வைக்கிற வாசம். (இரண்டும் ஒலிவ் குடும்பம்தான் என்று பிறகு அறிந்தேன். சொந்தக்காரர் சாடை தெரியத்தானே செய்யும்.)

அந்த ஆசைதான் வினையானது. ஊரில் அம்மா மல்லிகைப் பற்றையை வருசா வருசம் மொட்டையடிப்பா. "வெட்டினாத்தான் பூக்கும், இரக்கம் பார்க்காதை" என்பா. அதே கை, அதே கத்தரிக்கோல். நவம்பர் தொடக்கத்தில், இலையெல்லாம் கொட்டின பிறகு, என் இடுப்பளவுக்கு வைத்து வெட்டித் தள்ளினேன். மண்ணிறக் கடதாசிப் பை மூன்று நிரம்பியது. நல்லாய் வேலை செய்தேன் என்ற திருப்தி வேறு.

மே வந்தது. தெருவெல்லாம் லைலக். எங்கள் வளவில் நீட்டு நீட்டாய்க் கம்பும் செழித்த இலையும் மட்டும். ஒரு பூ இல்லை. உரம் போதாது என்று நினைத்து உரத்தையும் கொட்டினேன். கேட்ட ஆட்களெல்லாம் ஒவ்வொன்று சொன்னார்கள். கடைசியில் வேலிக்கு அங்காலிருந்த அம்மாதான் வந்து ஒரு கம்பைப் பிடித்துக் காட்டினா. லைலக் இந்த வருசம் பூத்து முடிந்த கையோடு, கோடையிலேயே அடுத்த வருச மொட்டை நுனியில் கட்டி வைத்துவிடும். பிறகு குளிர் முழுக்க அந்த மொட்டோடுதான் நிற்கும். நான் நவம்பரில் பையில் கட்டிக் கொடுத்தது குப்பை இல்லை, மே மாதத்துப் பூ. வெட்டுவதென்றால் பூ வாடின உடனே, ஜூனுக்குள் வெட்ட வேணும். அதுவும் முழுவதும் இல்லை. கிழட்டுத் தண்டுகளில் மூன்றில் ஒன்றை மட்டும் அடியோடு எடுத்தால் போதும். முன்வாசலில் மஞ்சளாய்ப் பூக்கிற ஃபோர்சித்தியாவுக்கும் இதே கணக்குத்தான்.

பூ இல்லாத அந்த மே மாதம் மனம் சரியில்லை என்று இவர் ஒட்டாவாவுக்கு ரியூலிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். போர்க்காலத்தில் நெதர்லாந்து அரச குடும்பத்துக்குக் கனடா இடம் கொடுத்ததற்கு நன்றியாக 1945இல் அவர்கள் ஒரு லட்சம் கிழங்கு அனுப்பினார்களாம், அதிலிருந்து தொடங்கின கதை. பார்த்துவிட்டு வந்த வேகம், ஒக்டோபரில் 60 கிழங்கு வாங்கினேன். குனிந்து நட்டதில் நாரிப்பிடிப்பு. நாலு விரல் ஆழத்தில் புதைத்துவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை, அணில் இரண்டு வந்து தோண்டத் தொடங்கிவிட்டது. ஊர் அணில் மாதிரி இல்லை, பூனைக்குட்டி அளவு. மிளகாய்த்தூள் தூவினேன். அதையும் ஒரு மழை கழுவிக்கொண்டு போனது. வசந்தத்தில் வந்தது ஏழு பூ.

அடுத்த ஒக்டோபரில் ஒரு சாண் ஆழம் கிண்டி, கூர் முனை மேலே பார்க்க வைத்து, மண் மூடி, மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்துக் கல்லும் வைத்தேன். பாதிக்கு டஃபொடில் என்கிற வேறு பூக்கிழங்கு போட்டேன். அதில் நஞ்சு இருக்கிறதால் அணில் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இந்த மே மாதம் ரியூலிப்பும் லைலக்கும் ஒன்றாய்ப் பூத்தன. லைலக் பழைய அளவுக்கு இல்லை, ஆனால் யன்னலைத் திறந்தால் தெரிகிறது.

மொட்டைமாடி, மதுரை

அக்கா, அம்மா சொன்னதுல தப்பே இல்ல. மரந்தான் மாறிப்போச்சு! மல்லி புதுசா விடுற தளிர் நுனியிலதான் மொட்டு வைக்கும். பழைய கம்பை விட்டுவச்சா பூ குறைஞ்சிரும். நான் ஆறு தொட்டியில குண்டுமல்லி வச்சிருக்கேன், ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துப் பதியன். நவம்பர் கடைசியில தண்ணிய நிறுத்தி, மண்ணுலருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து பண்ணி, இருக்குற இலையையும் உருவி விட்டுருவேன். பார்க்க வெறும் குச்சி. எங்க வீட்டுல "செடியக் கொன்னுட்டீங்களே"ன்னு வருசா வருசம் ஒரு சத்தம் உண்டு. பங்குனி பிறந்தா அதே ஆளு விடியக்காலம் கூடையோட மாடிக்குப் போயிருவாங்க.

என் தப்பு வேற மாதிரி. ஒரு வருசம் தளிரெல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு. தண்ணி பத்தலன்னு நெனச்சு ரெண்டு வேளை ஊத்துனேன், இன்னும் மோசமாச்சு. எங்க போர்வெல் தண்ணி உப்பு. அதுல செடியால இரும்புச்சத்த எடுக்க முடியல. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலைமேல தெளிச்சதும் தெளிஞ்சிருச்சு. கலக்குறப்ப வெள்ளைச் சட்டை போடாதீங்க, கறை போகவே போகாது.

அண்ணாநகர் பால்கனி

ரியூலிப் பேச்சு வந்ததால் என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீநகர் டூலிப் தோட்டத்தை ஏப்ரலில் பார்த்துவிட்டு வந்து, ஆன்லைனில் பத்துக் கிழங்கு வாங்கினேன். அதற்குக் குறைந்தது மூன்று மாதக் குளிர் வேண்டும் என்பதால் ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்தேன், பக்கத்திலேயே ஆப்பிள். பழம் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூ மொட்டைக் கருக்கிவிடும் என்று அப்போது தெரியாது. ஜனவரியில் நட்டதில் எட்டு வெறும் இலை. இரண்டு பூத்தன, இரண்டு அங்குலத் தண்டில் குட்டையாக. மூன்றாம் நாள் வெயிலில் வாயைப் பிளந்துவிட்டன. கிழங்கும் மறு வருடத்துக்கு உதவவில்லை. பத்துக் கிழங்கின் விலையைச் சொல்ல மாட்டேன், வீட்டிலும் சொல்லவில்லை. இப்போது அதே தொட்டியில் பெட்டூனியா, டிசம்பரில் நாற்று வைத்தால் மாசி வரை பூக்கிறது.

ஸ்காபரோ பின்வளவு

மதுரைத் தம்பி, ஒரு கேள்வி. உங்கடை குண்டுமல்லி மாதிரியே ஒரு சட்டி இங்கேயும் இருக்கு. செப்டெம்பர் கடைசியில் உள்ளே எடுத்து, தெற்கு யன்னலோரம் வைப்பேன். அதை நவம்பரில் வெட்டவோ?

மொட்டைமாடி, மதுரை

வேணாம்க்கா. உங்க ஊரு நவம்பர் டிசம்பர் வெளிச்சத்துல விடுற தளிர் நூலா நீண்டுக்கிட்டே போகும். பிப்ரவரி கடைசியில, பகல் நீள ஆரம்பிக்கிறப்ப வெட்டுங்க. லைலக் பக்கம் மட்டும் அன்னைக்குக் கத்தரிக்கோலோட போயிராதீங்க.