ராத்திரி முழுக்க ஓடியும் எண் 100-ஐ விட்டு இறங்கவில்லை: ஃபில்டரா, சென்சாரா?

மல்லிகைப்பந்தல்:
வணக்கம். மலேசியாவில் பந்திங் பக்கம் தோட்டத்து வீடு. பாதி கல், பாதி பலகை, மேலே தகரம், உள்ளே சிலிங் உண்டு. படுக்கிற அறை 12 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி. ஏர் பியூரிஃபையர் வாங்கி 14 மாதம். பின்பக்க லேபிளில் சிஏடிஆர் (மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்ற அளவு) 260 என்று இருக்கிறது. இந்தப் புகைமூட்டத்தில் முழு வேகத்தில் விட்டாலும் பிஎம் 2.5 (காற்றில் இருக்கிற நுண்துகள்) எண் 105, 100 என்று அங்கேயே நிற்கிறது. விளக்கு விடிய விடிய சிவப்பு.

போன மாதம் உள்ளே இருக்கிற வெள்ளை ஃபில்டரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டினேன். அதிலிருந்து ஊறின துணி வாடை வருகிறது. 'டக் டக்' என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஃபில்டர் மாற்றச் சொல்லும் விளக்கு எரியவில்லை. அப்படியென்றால் ஃபில்டர் நல்லாத்தானே இருக்கிறது? கடையில் புது மெஷினே வாங்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா, அதனால்தான் அவசரம்.

ஸ்பேனர்:
அக்கா, புது மெஷின் வாங்காதீங்க. வெள்ளை ஃபில்டர் கழுவினபோதே போய்விட்டது. அந்த மடிப்பு மடிப்பான தாள் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் இழை. இழை மேல் ஏற்றிவைத்த நிலைமின்சாரம்தான் நுண்துகளில் பாதி வேலையைச் செய்கிறது. சவர்க்காரத் தண்ணீர் பட்டால் அது இறங்கிவிடும். வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் திரும்பி வராது. மடிப்புக்குள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்ததுதான் அந்த வாடை. கழுவக்கூடியது முன்னால் இருக்கிற வலை மட்டும். கறுப்புக் கரி ஃபில்டரையும் கழுவக்கூடாது.

மாற்றச் சொல்லும் விளக்கை நம்பாதீங்க. பல மெஷினில் அது ஓடின மணிக்கணக்கை எண்ணுகிற கடிகாரம், அவ்வளவுதான். கழுவி மாட்டினதும் ரீசெட் பட்டனை அழுத்தியிருப்பீங்க, கணக்கு பூஜ்யத்துக்குப் போயிருக்கும்.

இருந்தாலும் ஃபில்டர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. காசு போடுமுன் இன்றைக்கே மூன்று காரியம் செய்து எண்ணைக் குறித்து அனுப்புங்க.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்க. பக்கவாட்டில் கட்டைவிரல் அளவு ஒரு மூடி இருக்கும், அதுக்குள்ளேதான் சென்சார். காய்ந்த காட்டன் பட்டால் அந்தச் சின்னக் கண்ணாடியையும் காற்று போகிற ஓட்டையையும் துடைங்க. ஸ்பிரிட், பெர்ஃபியூம் எதுவும் வேண்டாம். பிறகு மெஷினை வாசலில் வைத்து பத்து நிமிடம் ஓடவிட்டு வெளிக்காற்றின் எண்ணைப் பாருங்க.

இரண்டாவது, ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே ஓட்டை வைத்த கல் இருக்கிறதா? நம்ம பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு உள்ளிருந்து ஒட்டுங்க. கதவடியில் துண்டைச் சுருட்டி வைங்க.

மூன்றாவது, மூடின அறையில் முழு வேகம். ஆரம்ப எண், அரை மணி கழித்து, ஒரு மணி கழித்து.

கணக்கு இதுதான். உங்க அறை 1680 கன அடி, அதாவது சுமார் 48 கன மீட்டர். 260-ஐ 48-ஆல் வகுத்தால், அறைக் காற்று முழுக்க மணிக்கு 5 தடவைக்குச் சற்று மேல் சுத்தமாகும். நல்ல ஃபில்டர், அடைத்த அறை என்றால் அரை மணியில் எண் நாலில் ஒரு பங்குக்காவது வரணும்.

பக்கத்து லயம்:
இதுக்கு ஏன் இவ்வளவு? இன்னொரு தடவை வெந்நீரில் அலசி இரண்டு நாள் வெயிலில் போட்டால் சரியாகிவிடும். மெஷின் முன்னால் ஈரத்துண்டு கட்டினால் புகையை அதுவே இழுத்துக்கொள்ளும்.

ஸ்பேனர்:
வெந்நீர் பசையையும் இளக்கிவிடும், மடிப்பு பிரிந்து காற்று சந்து வழியாகப் போகும். ஈரத்துண்டு கண்ணுக்குத் தெரிகிற தூசியைப் பிடிக்கலாம், புகையைப் பிடிக்காது. ஏற்கனவே ராத்திரி ஈரம் 90 விழுக்காடு இருக்கிற ஊரில் அறைக்குள் இன்னும் ஈரம் சேர்த்தால் சென்சார் நீர்த்துளியையும் துகள் என்று எண்ணும். பூஞ்சைக்கும் அது விருந்து.

மல்லிகைப்பந்தல்:
தம்பி, செய்துவிட்டேன். சென்சார் ஓட்டையில் சிலந்திவலை. துடைத்ததும் 105 என்றிருந்தது 96 ஆனது. வாசலில் 130. மூன்று ஓட்டைக்கல் வரிசையையும் பிளாஸ்டிக்கால் மூடினேன். மூடின அறையில் ஆரம்பம் 96, அரை மணியில் 71, ஒரு மணியில் 61. அதுக்கு மேல் மெதுவாகத்தான் இறங்குகிறது.

இன்னொன்று: ஐபியு (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 150-க்கு மேல் என்று செய்தியில் சொன்னார்கள், மெஷின் வாசலிலேயே 130 தான் காட்டுகிறது. எது சரி?

ஸ்பேனர்:
இரண்டும் சரி. மெஷின் காட்டுவது ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள், அதுவும் இந்த நிமிடத்துக்கு. ஐபியு ஒரு குறியீடு, பிஎம் 2.5-க்கு 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடுவது. 51 முதல் 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியக்கேடு. இந்த எண்ணை அந்த எண்ணோடு பொருத்திப் பார்க்காதீங்க. மாலையில் மழை பெய்து காற்று தெளிந்தாலும் ஐபியு கொஞ்ச நேரம் பழையதையே சொல்லும்.

உங்க எண்ணுக்கு வருவோம். நாலில் ஒரு பங்கு என்றால் 24 வரணும். 71 வந்திருக்கிறது. சென்சார் தப்பித்தது, ஃபில்டர்தான் குற்றவாளி. ஆனால் ஓட்டைக்கல்லும் சும்மா இல்லை. திறந்திருந்தபோது 96, அடைத்ததும் செத்த ஃபில்டரோடேயே 61 வரை வந்ததே, அந்த வித்தியாசம் முழுக்க ஓட்டை வழியாக வந்த புகை. புது ஃபில்டர் போட்டுவிட்டு பிளாஸ்டிக்கை எடுத்தால் 50 பக்கத்தில் நின்றுவிடும், "புது ஃபில்டரும் டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டை போடுவீங்க.

வாங்கும்போது மாடல் நம்பரை மெஷினின் அடியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்க. எச்13 என்று போட்டிருந்தால் நல்லது, பிடிக்கச் சிரமமான துகளிலேயே 99.95 விழுக்காடு பிடிக்கணும் என்பது அந்தத் தரம். ஆன்லைனில் வருகிற மலிவு ஃபில்டரில் முதலில் சுற்றிலும் இருக்கிற பஞ்சுப்பட்டையைப் பாருங்க. அது மெல்லிசாக இருந்தாலோ ஒரு மூலையில் விட்டிருந்தாலோ தாள் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை, காற்று சுலபமான வழியில்தான் போகும். மாட்டின பிறகு விளிம்பில் விரல் வைத்து ஆட்டுங்க, ஆடினால் சந்து இருக்கிறது. பிளாஸ்டிக் உறையைக் கழற்றினீங்களா என்று கேட்டால் கோபப்படாதீங்க, உறையோடேயே மாட்டி ஓட்டுகிறவர்கள் நிறைய.

கருகல் வாசனை மட்டும் தனி. அது வாயு, வெள்ளை ஃபில்டர் பிடிக்காது. கரிதான் பிடிக்கணும். மெல்லிய கரித்தாள் கனத்த புகைமூட்டத்தில் சில வாரத்திலேயே நிறைந்துவிடும். எண் 20-க்கு வந்தும் வாசனை இருந்தால் பயப்பட வேண்டாம், கரியை மட்டும் மாற்றுங்க.

வயர்மேன்:
'டக் டக்' சத்தத்தை யாரும் தொடவில்லையே. பிளக்கைப் பிடுங்கி, மேல் கம்பியின் சந்தில் டார்ச் அடித்துப் பாரும்மா. இந்தப் பக்கம் பல்லிதான் முதல் சந்தேகம். சூடான மோட்டார் பக்கம் ஒதுங்கும், காத்தாடிக் கூண்டில் முட்டை வைக்கும். மேல் மூடிக்கு நாலு ஸ்க்ரூ இருக்கும். காத்தாடியைக் கையால் மெதுவாகச் சுற்றி, எந்த இதழில் தட்டுகிறது என்று பார்த்து எடுத்துவிடலாம். எதுவும் இல்லாமலே தட்டினால் மோட்டார் பேரிங், அதைக் கடையில் கொடுக்கணும்.

கரண்ட் பில்லுக்குப் பயந்து வேகத்தைக் குறைக்காதே. இந்த அளவு மெஷின் முழு வேகத்தில் 45 வாட் என்று வை. 24 மணி நேரம் ஓடினாலும் நாளுக்கு 1.08 யூனிட், மாதம் 32 சொச்சம். ஏர்கோனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அயன் (அயனி) பட்டன் இருந்தால் அணைத்துவை. சில மெஷினில் அது ஓசோன் விடும், ஆஸ்துமாவுக்கு ஆகாது. இடி இடித்தால் சுவிட்ச் மட்டும் போதாது, பிளக்கையே எடு.

மல்லிகைப்பந்தல்:
அண்ணே, பல்லி முட்டையேதான்! இரண்டு ஓடு, ஒன்று உடைந்து இதழில் ஒட்டியிருந்தது. சத்தம் போய்விட்டது.

புது ஃபில்டர் 120 வெள்ளி (ரிங்கிட்). அதே மூடின அறை: 96-இல் ஆரம்பித்து அரை மணியில் 24. நம்பவே முடியவில்லை, இரண்டு தடவை பார்த்தேன். தம்பி சொன்னதுக்காகவே பிளாஸ்டிக்கை எடுத்தும் பார்த்தேன், 53-இல் நின்றுவிட்டது. திரும்ப ஒட்டிவிட்டேன்.

மூன்று பேர் படுக்கிறோம், இப்படி அடைத்துக்கொண்டு படுக்கலாமா? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம், கொசுவத்தியும் உண்டு. டிங்கிக் காய்ச்சல் கொசுவுக்குப் புகையடிக்க வந்தால் என்ன செய்வது?

ஸ்பேனர்:
பலகைச் சந்து வழியாகக் கொஞ்சம் காற்று வந்துகொண்டேதான் இருக்கும், மூச்சு முட்டாது. ஆனால் பியூரிஃபையர் நாம் விடுகிற கரியமில வாயுவைக் குறைக்காது. காலையில் தலை பாரமாக இருந்தால் ஒரு ஓட்டைக்கல்லை மட்டும் பாதி திறந்து விடுங்க. மழை பெய்து வெளி எண் இறங்கின நேரத்தில் ஜன்னலை விரியத் திறந்து விடணும். புகைமூட்டம் போனதும் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுங்க, அந்தக் கல் அங்கே இருப்பதுக்குக் காரணம் உண்டு.

கொசுவத்தியை அந்த அறையில் நிறுத்துங்க, வலை கட்டுங்க. வத்தி எரிய எரிய மெஷின் ஓடினால் ஃபில்டர் சீக்கிரம் தீர்வதுதான் மிச்சம். சாம்பிராணியை சாமி அறையோடு வைத்து, படுக்கிற அறைக் கதவைச் சாத்திவிடுங்க. அந்தப் புகையில் பிசின் இருக்கிறது, கரியிலும் வெள்ளைத் தாளிலும் படிந்தால் எழும்பவே எழும்பாது. தாளிப்பு எண்ணெய்ப் புகையும் அதே கதைதான்.

டிங்கிப் புகை அடிக்க வந்தால் மெஷினை அணைத்து, குப்பைப் பையால் தலையோடு மூடிவிட்டு வெளியே போங்க. அரை மணி கழித்து வந்து, ஜன்னலைத் திறந்து வாடை போன பிறகுதான் ஓட்டணும். அது எண்ணெய்த் துளி, ஒரே நாளில் புது ஃபில்டரைக் கெடுத்துவிடும்.

வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்க, சென்சாரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைங்க. ஃபில்டர் சட்டத்தில் மார்க்கரால் தேதியும், பக்கத்தில் '96-24' என்றும் எழுதிவைங்க. அடுத்த புகைமூட்டத்தில் இதே சோதனை. அரை மணியில் பாதிக்குக்கூட இறங்கவில்லை என்றால் விளக்கு என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்க.

மல்லிகைப்பந்தல்:
எழுதிவிட்டேன். பழைய ஃபில்டரை வீட்டுப் பின்னால் மற்ற குப்பையோடு சேர்த்து எரித்துவிடலாமா?

வயர்மேன்:
பிளாஸ்டிக்கம்மா அது. பையில் கட்டிக் குப்பை லாரிக்குப் போடு.