முதல் விமானப் பயணம், பெங்களூரு – ஃபிராங்க்ஃபர்ட் – டிரெஸ்டன்: பெட்டி, காகிதம், கனெக்‌ஷன் பற்றி உதவி வேணும்

ஹலசூரு மாணவி:

வணக்கம். ஜெர்மனியில் டிரெஸ்டனுக்கு முதுகலை படிக்கப் போகிறேன். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே கேட்கிறேன்.

டிக்கெட்: செப்டம்பர் 27, ஞாயிறு 02:50-க்கு பெங்களூரு. ஃபிராங்க்ஃபர்ட்டில் 08:50-க்கு இறங்கி, 11:00-க்கு டிரெஸ்டன் விமானம். இரண்டும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்). பெட்டி இரண்டு, தலா 23 கிலோ. கைப்பை 8 கிலோ.

ஃபிராங்க்ஃபர்ட்டில் பெட்டியை எடுத்து மறுபடி போடணுமா? இரண்டு மணி பத்து நிமிஷம் போதுமா? ஒரிஜினல் சான்றிதழ்கள் தொலையக்கூடாதென்று பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிட்டோம், சரிதானே? அம்மா நெய், பால்கோவா, கறிவேப்பிலை, கொப்பரை, பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். ஒரு பெட்டி இப்போதே 26 கிலோ, இன்னொன்று 19.

மாரத்தஹள்ளி:

தங்கச்சி, முதல் வேலையாக அந்தப் பெட்டியைத் திறந்து சான்றிதழ்களை வெளியே எடுங்க. பெட்டி தாமதமாகலாம், வேறு ஊருக்குப் போகலாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உங்களுக்கு ஜெர்மன் இமிக்ரேஷன் நடப்பது டிரெஸ்டனில் இல்லை, ஃபிராங்க்ஃபர்ட்டில். ஷெங்கன் பகுதிக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) முதலில் கால் வைக்கிற இடத்தில்தான் பாஸ்போர்ட் சோதனை. அங்கே அதிகாரி கடிதம் கேட்கும்போது உங்கள் பெட்டி விமானத்திலிருந்து இறங்கி பெல்ட்டில் போய்க்கொண்டிருக்கும், உங்கள் கைக்கு வராது.

கைப்பையில் ஒரே ஃபைலில் இந்த வரிசையில் வையுங்க: டி விசா (நீண்ட காலம் தங்குவதற்கான விசா) ஒட்டிய பாஸ்போர்ட், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கிற கணக்கு) உறுதிச் சான்று, மருத்துவக் காப்பீடு, தங்குமிட ஒப்பந்தம். அதற்குப் பின்னால் ஒரிஜினல் மதிப்பெண் பட்டியல்களும் பட்டமும். நகல் செட் ஒன்று பெட்டியில் போகட்டும். எல்லாவற்றையும் போனிலும், நெட் இல்லாமல் திறக்கிற மாதிரி, வைத்துக்கொள்ளுங்க.

விசா ஸ்டிக்கரில் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று பாருங்க. அதற்கு ஒரு நாள் முன்னால் போனாலும் உள்ளே விடமாட்டார்கள். காப்பீட்டிலும் அதே கவனம் வேணும். பல்கலையில் பதிவு செய்ததும் தொடங்குகிற மாணவர் காப்பீடு வேறு, தரையிறங்கிய நாளிலிருந்து அது தொடங்கும்வரை தாங்குகிற பயணக் காப்பீடு வேறு. நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விடாதீங்க.

இந்தியப் பக்கத்தில் நிரப்ப எந்தப் படிவமும் இல்லை. இந்தியர்களுக்குப் புறப்பாட்டு அட்டையை 2017-இலேயே எடுத்துவிட்டார்கள். எங்கே, என்ன படிப்பு என்று கேட்பார்கள், பதில் சொன்னால் போதும்.

ஜெயநகர் நாலாவது பிளாக்:

டிக்கெட் தேதியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லிவிடுங்க: ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டியது 26, சனிக்கிழமை ராத்திரி. நள்ளிரவு தாண்டிய விமானங்களில் 27 என்றதும் ஞாயிறு ராத்திரி போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

ராத்திரி 11 மணிக்கு டெர்மினல் 2 வாசலில் இருக்கணும். 2023 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு விமானம் எல்லாம் அங்கேதான், டெர்மினல் 1-இல் இறங்கிவிடாதீங்க. சனி ராத்திரி ஹெப்பால் பக்கம் நம்ப முடியாது, ஒன்பதரைக்கே வண்டி ஏறுங்க. வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். ஆட்கள் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்ப்பார்கள். டிஜியாத்ரா (முகத்தை வைத்து அடையாளம் பார்க்கிற ஆப்) வரிசை உள்நாட்டுப் பயணத்துக்கு, உங்களுக்கு இல்லை. அப்பா அம்மாவால் உள்ளே வர முடியாது, அதனால் பெட்டியில் ஏதாவது மாற்றுவது, எடை குறைப்பது எல்லாம் வீட்டிலேயே முடியணும். கவுண்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும்.

கவுண்டரில் பெட்டிக்கு ஒட்டுகிற சீட்டைக் கட்டாயம் படியுங்க. டி.ஆர்.எஸ். என்று பெரிதாக இருக்கணும், அது டிரெஸ்டன். வெறும் எஃப்.ஆர்.ஏ. என்றிருந்தால் பெட்டி ஃபிராங்க்ஃபர்ட்டோடு நின்றுவிடும், அங்கேயே சொல்லி மாற்றச் சொல்லுங்க. சீட்டு சரியென்றால் நடுவில் பெட்டியை எடுக்க வேண்டாம். சீட்டின் துண்டை போர்டிங் பாஸோடு பத்திரமாக வையுங்க.

கம்மனஹள்ளி அக்கா:

அம்மாகிட்ட பக்குவமா சொல்லும்மா: நெய், பால்கோவா, பால் பவுடர், பனீர் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பொருள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் அதுவும் வேண்டாம். கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று விமானத்தில் அபாயப் பொருளாக வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டியைத் திறக்க உங்களைக் கூப்பிடுவார்கள். பருப்புப் பொடி, சாம்பார் பொடி, புளி, அப்பளம் தாராளமா போகலாம். ஊறுகாய் எண்ணெயோடு இருப்பதால் பெரிய பெட்டியில் மட்டும்தான். மூடியைச் சுற்றி டேப், அதன்மேல் இரண்டு ஜிப் கவர்.

எடையைக் கூட்டிப் பார்த்தால் 45 தானே என்று விடாதீங்க. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியா 23-க்குள் இருக்கணும். நெய், கொப்பரை போனாலே 26 இறங்கிவிடும், மீதியை 19-இல் போடுங்க. குக்கர் பெரிய பெட்டியில், அதற்குள்ளேயே பொடி பாக்கெட்டுகளை அடுக்கலாம். விடுதியில் இண்டக்‌ஷன் அடுப்பா என்று கேட்டுக்கொள்ளுங்க. இண்டக்‌ஷன் என்றால் சாதா அலுமினிய குக்கர் சூடாகாது, அடிப்பாகம் அதற்கென்று செய்ததாக இருக்கணும்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-அவருக்குள் இருந்தால் சிக்கல் இல்லை, 20,000 எம்.ஏ.எச். என்பது சுமார் 74. எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். மாத்திரைகளும் கைப்பையில், டாக்டர் சீட்டோடு, மூன்று மாத அளவுக்கு மேல் வேண்டாம். மின்சாரம் நம்மூர் மாதிரி 230 வோல்ட்தான், கன்வெர்ட்டர் வாங்கிக் காசை வீணாக்காதீங்க. பிளக் வடிவம் மாற்றும் அடாப்டர் இரண்டு போதும்.

ஹலசூரு மாணவி:

ரொம்ப நன்றி. சான்றிதழ்களை வெளியே எடுத்துவிட்டேன். விசா 20-ஆம் தேதியிலிருந்து செல்லும் என்று இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் எங்கே போகணும், கனெக்‌ஷன் தவறினால் என்ன செய்வது?

மாரத்தஹள்ளி:

நேரம் போதும், நடுவில் கடைகளில் நிற்காமல் இருந்தால். பெரும்பாலும் இசட் அல்லது பி வாசலில் இறங்குவீங்க, உள்நாட்டு விமானம் பெரும்பாலும் ஏ வாசல். இறங்கியதும் திரையில் டிரெஸ்டன் 11:00 எந்த வாசல் என்று பாருங்க, பெங்களூரில் அச்சடித்த வாசல் எண் மாறியிருக்கலாம். லக்கேஜ் வெளியேறும் வழியில் போகாமல் கனெக்டிங் ஃபிளைட் பலகையைப் பின்தொடருங்க. பாஸ்போர்ட் சோதனையில் 'எல்லாப் பாஸ்போர்ட்டுகளும்' வரிசை. கைரேகை, முகப் படம் எடுக்கும் புதிய எல்லைப் பதிவு குறுகிய கால விசாக்காரர்களுக்கு, டி விசாவுக்கு இல்லை.

அங்கே மறுபடி செக்யூரிட்டியும் உண்டு. பெங்களூரில் செக்யூரிட்டி தாண்டி வாங்கிய தண்ணீர் பாட்டில் இங்கே போய்விடும், குடித்துவிட்டு வாங்க. முதல் விமானம் தாமதமாகிக் கனெக்‌ஷன் தவறினால் பயப்பட வேண்டாம். ஒரே பி.என்.ஆர். என்பதால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. புதிதாக டிக்கெட் எதுவும் வாங்காமல் நேராக அந்த நிறுவனத்தின் கவுண்டருக்குப் போங்க.

ஜெயநகர் நாலாவது பிளாக்:

இன்னொன்று, இறங்குவது ஞாயிற்றுக்கிழமை. சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் உள்ள கடைகள்தான் கைகொடுக்கும். விடுதிச் சாவி வேலை நாட்களில்தான் கொடுப்பார்கள் என்றிருந்தால் அன்று ராத்திரி தங்க இடம் வேணும். இன்றைக்கே விடுதிக்கு மெயில் போட்டுக் கேளுங்க, இதை யாரும் கடைசி வரை யோசிப்பதில்லை. செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்குவதால் மாணவர் பயணச் சீட்டும் அன்றிலிருந்துதான், அதற்கு முன் பஸ், ரயிலுக்குத் தனி டிக்கெட். முத்திரை குத்துகிற டிக்கெட்டாக இருந்தால் பயணம் தொடங்கும்போதே இயந்திரத்தில் குத்துங்க, குத்தாத டிக்கெட்டும் அங்கே டிக்கெட் இல்லாத மாதிரிதான், அபராதம்.

பிளாக்டு அக்கவுண்ட் பணம் முதல் நாளே கைக்கு வராது. முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் முடிந்தபின்தான் மாதாமாதம் வரும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதியணும். வாடகை, முன்பணம், சாப்பாடு என்று முதல் மாதத்துக்கான தொகையை ஃபோரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கிற கார்டு) ஏற்றி, கொஞ்சம் யூரோ ரொக்கமாக வையுங்க. ரொக்கம் 3,000 டாலர் மதிப்பைத் தாண்டக் கூடாது.

கம்மனஹள்ளி அக்கா:

பெட்டி டிரெஸ்டனில் வரலைன்னா வெளியே வராதேம்மா. பெல்ட் பக்கத்திலேயே லக்கேஜ் கவுண்டர் இருக்கும். சீட்டுத் துண்டைக் காட்டிப் புகார் எழுதி, புகார் எண் வாங்கணும், விடுதி முகவரி கொடுத்தால் அங்கேயே கொண்டுவந்து தருவார்கள். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்கணும், தாமத நஷ்டத்துக்குப் பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். அந்த இடைவெளிக்கு ஒரு செட் துணி, ஸ்வெட்டர், பிரஷ் கைப்பையில் இருக்கட்டும். இரண்டு பெட்டியையும் பூட்டுவதற்கு முன் திறந்த நிலையில் ஒரு போட்டோ, மூடிய நிலையில் ஒரு போட்டோ எடுத்துக்கோ. நிறம், அளவு, உள்ளே என்ன என்று அந்தக் கவுண்டரில் கேட்பார்கள்.