14 வயது வளர்ப்புப் பையன்: கோபம், பொய், சாப்பாட்டைப் பதுக்குவது

செந்தூல்வாசி:
அண்டை வீட்டுக்காரர்களுக்காகக் கேட்கிறேன். பையன் படிவம் 2. ஒன்றரை வயதில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்திலிருந்து எடுத்து வளர்த்தார்கள். அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சில மாதங்களாகக் கத்துகிறான், பணம் எடுக்கிறான், தலையணைக்கடியில் பிஸ்கட் ஒளிக்கிறான். சொந்தக்காரர்கள் "ரத்தம் அப்படி" என்கிறார்கள். மந்திரிக்கவும் சொல்கிறார்கள். இது குணமா, நோயா?

கிள்ளான்_சாலை:
ரத்தத்தை விடுங்கள். ருமேனிய இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப்போன குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை ஆராய்ந்தார்கள். 6 மாதத்துக்கு மேல் இல்லத்தில் கிடந்தவர்களிடம்தான் சிக்கல் நீடித்தது. அவர்களிலும் சிலர் நன்றாகவே இருந்தார்கள். பசியிலும் ஆள் மாறி ஆள் தூக்கிய கையிலும் வளர்ந்த குழந்தைக்கு, "நாளைக்கும் கிடைக்கும்" என்பது உடம்பில் பதிவதில்லை. அலமாரியைப் பூட்டினால் பதுக்கல் கூடும். அவன் பெயரில் ஒரு டப்பா வைத்து, தினமும் மாலையில் கேள்வி கேட்காமல் நிரப்புங்கள். மாதக்கணக்கில் ஆகும், பரவாயில்லை.

இன்னொன்று: காலையில் புரிந்துகொண்ட விதியை மாலையில் மறக்கிறான், தண்டனையிலிருந்து எதுவும் கற்பதில்லை என்றால், பெற்ற தாய் கர்ப்பத்தில் மது குடித்திருக்கலாம் என்பதையும் டாக்டரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அது பிடிவாதமல்ல, மூளைப் பாதிப்பு.

பினாங்கு_அக்கா:
முதல் வேலை உண்மையைச் சொல்வது. 6, 7 வயதிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது விட்டால் கல்யாண வீட்டில் யாரோ அத்தை சொல்லிவிடுவார். பரீட்சை வாரத்தில் வேண்டாம், பிறந்த நாளில் வேண்டாம், சண்டையின் நடுவே கூடவே கூடாது. அப்பா, அம்மா இருவரும் உட்கார்ந்து 15 நிமிடம். தெரியாததைப் புனையாதீர்கள், பெற்றவளைத் திட்டாதீர்கள். அவன் எழுந்து போனால் போகட்டும். ஒரு வாரத்தில் நீங்களே மறுபடி பேச்செடுங்கள். "எடுத்து வளர்த்ததுக்கு இதுதானா நன்றி?" என்ற ஒரு வரி பத்து வருட வளர்ப்பைக் கெடுக்கும்.

பிறப்புப் பத்திரத்தையும் பாருங்கள். "புக்கான் வார்காநெகாரா" (குடிமகன் அல்ல) என்றிருந்தால் 12 வயதில் நண்பர்கள் மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எடுத்தபோது இவனுக்குக் கிடைத்திருக்காது. அவன் ஏற்கெனவே யூகித்திருப்பான். தத்துப் பதிவு குடியுரிமை தராது. வயது வரம்பு இருப்பதால் தாமதிக்காமல், 18 வயதுக்கு முன்பே, அரசியலமைப்பின் 15(ஏ) பிரிவில் தேசியப் பதிவிலாகாவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

கிள்ளான்_சாலை:
அக்கா சொன்னது சரி. கயிறு கட்டுவதானால் கட்டுங்கள், ஆனால் "செய்வினை" என்ற சொல் பையன் காதில் விழக் கூடாது.

சுகாதாரப்_பணி:
பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட எரிச்சலாகத்தான் அதிகம் வரும். 2 வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, படிப்பு மூன்றும் குலைந்தால் அரசு கிளினிக்கில் காட்டி, சிறுவர் மனநல நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். தத்தெடுத்த வயது, அதற்கு முன் வளர்த்தவர்கள், பிறந்த எடை, பள்ளி அறிக்கை, 2 வாரத் தூக்கக் குறிப்பு, இவ்வளவையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் டாக்டர் கோபத்துக்கு மட்டும் மருந்து தேடுவார்.

2013இல் வந்த மினசோட்டா ஆய்வில், மற்ற பிள்ளைகளைவிடத் தத்துப் பிள்ளைகளிடம் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு இருந்தது. பெரும்பாலோர் முயலவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. பனடோல், பூச்சிமருந்து எல்லாம் பூட்டில். 24 மணி நேரமும் பேசக்கூடிய உதவி எண்கள்: பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, தாலியான் காசே 15999. போலீஸ் வழக்கு வருமோ என்று மறைக்க வேண்டாம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

செந்தூல்வாசி:
நன்றி. பத்திரத்தை இன்றே பார்க்கச் சொல்கிறேன். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் தத்து விஷயத்தைச் சொல்லலாமா?

பினாங்கு_அக்கா:
பையனுக்குச் சொன்ன பிறகு, அவன் சம்மதத்தோடு. அதற்கு முன் "தூக்கம் சரியில்லை, எரிச்சலாக இருக்கிறான்" என்றால் போதும்.